மூடாமல் விட்ட அறுநூற்று நாற்பது

வியாழக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, முந்நூற்று நாற்பத்தொன்பதாவது சோதனையில், கணினி மறுபடியும் நின்றது. திங்கட்கிழமை முந்நூற்று ஐம்பத்திரண்டில் நின்றது. செவ்வாய்க்கிழமை முந்நூற்று ஐம்பதில். நேற்று முந்நூற்று நாற்பத்தேழில். மொத்தச் சோதனைகள் அறுநூற்று நாற்பது. பாதி வழியைக் கடந்ததும், நினைவகம் நிரம்பிவிட்டது என்று ஒற்றை வரியை எழுதிவிட்டுத் திரை அசையாமல் நிற்கும். அந்த வரியைப் படிப்பதை நதியா எப்போதோ நிறுத்திவிட்டாள்.

"நின்னுட்ச்சா?" என்றார் பின்மேசையிலிருந்து ஜீவானந்தம்.

"நின்னுட்ச்சுண்ணா."

"எத்தினில?"

"முந்நூத்தி நாப்பத்தொம்போது."

"நேத்துக்கு இன்னிக்கு ரெண்டு கூட. இப்டியே போனா தீவாளிக்குள்ள முடிச்சிரலாம்."

நதியா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ஓசூரில் இருந்தாக வேண்டும். அங்கே ஒரு நிறுவனம், தரவுத்தளங்களை வடிவமைக்கும் பணிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதத்துடன் வர வேண்டும் என்றும், ஒருமுறை நாள் நீட்டித்தாயிற்று, இனி நீட்டிக்க இயலாது என்றும், வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரை அழைத்துக்கொள்வோம் என்றும் மூன்று வரிகளில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் இந்த மையத்தை நடத்தும் சக்கரவர்த்தி. அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. அறுநூற்று நாற்பது சோதனைகளும், யார் கையும் படாமல், ஒரே மூச்சில் ஓடி, எல்லாம் பச்சையாக முடிய வேண்டும். முடிந்த அன்றே கடிதம். முடியாதவரை கடிதம் இல்லை.

மையம் என்பது ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்த பழைய சாமைக் கிடங்கு. தானியத்துக்காகக் கட்டிய கட்டடமாதலால் அதற்குச் சன்னல் ஒன்றுதான். அதுவும் கூரைக்குச் சற்றுக் கீழே, ஆள் எட்டாத உயரத்தில். அங்கே எட்டுப் பேர் வேலை பார்த்தனர். ஆறு பேர் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்பவர்கள். நதியாவும் ஜீவானந்தமும் மட்டுமே சோதனைப் பிரிவு. ஜீவானந்தம் முன்பு மலைப்பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியராக இருந்தவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இந்தத் தொழிலுக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன.

சென்னையில் ஒரு நிறுவனம் சிறு மருத்துவமனைகளுக்காக ஒரு தரவுத்தள மென்பொருளைத் தயாரித்துவந்தது. நோயாளியின் பெயர், வயது, நோய், ஒவ்வாத மருந்து ஆகியவற்றைப் பதிந்துவைத்துக் கேட்டபோது எடுத்துக்கொடுப்பது அதன் வேலை. அது ஒழுங்காக எடுத்துக்கொடுக்கிறதா என்று பார்ப்பது இவர்கள் வேலை. ஒவ்வொரு சோதனையும் கணினியின் நினைவகத்துக்குள் ஒரு தற்காலிகத் தரவுத்தளத்தைத் திறக்கும், அதில் பத்தாயிரம் கற்பனை நோயாளிகளை நிரப்பும், கேள்விகள் கேட்கும். விடை சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. பிறகு அடுத்த சோதனை. நான்கு ஆண்டுகளாக எல்லாம் பச்சையாகவே இருந்துவந்தன.

நதியாவின் ஊர் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். சாமையும் புளியும் விளையும் வீட்டிலிருந்து வாணியம்பாடிக்குப் போய்ப் படித்துவந்தவள். "நம்ம பொண்ணு நெழல்ல குந்திகினு சம்பாரிக்குது" என்று ஊரார் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், அந்தக் கிடங்கின் கதவை வெளியிலிருந்து யாரோ சாத்துவதுபோல் அவளுக்கு இருக்கும். பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதிலேயே நான்கு ஆண்டுகள் போய்விட்டன. தானே ஒன்றை எழுத வேண்டும் என்ற ஆசையை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், வாசலுக்கு வந்த வேலையை எட்டி உதைக்கிறாள் என்பார்கள்.

பன்னிரண்டு மணிக்குச் சக்கரவர்த்தி வந்தார். ஆலங்காயத்தில் விவசாயக் குடும்பம். தினமும் மோட்டார் சைக்கிளில் மலையேறி வருபவர். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

"இன்னாம்மா, ஓடிச்சா?"

"இல்லீங்க சார். அதே எடந்தான்."

"மெமரிய கூட்ட முடியாதுன்னு சொல்ட்ட. மிசின்ல எடமே இல்ல. அப்பறம் இன்னாதான் பண்றது?"

"அளவ கொறைக்கணும் சார். எது தின்னுதுன்னு பாத்துகினுகீறேன்."

"ரெண்டு மாசமா பாக்கற." அவர் தலைக்கவசத்தை மேசைமேல் வைத்தார். "நா ஒண்ணும் தப்பா சொல்லல. நீ வேலைய வுட்டுப் போறன்னு எழுதிக் குடுத்த பாரு, அந்த வாரத்துலயிருந்துதான் இது நிக்குது. நாலு வருசம் நல்லாதான ஓடிச்சு?"

"அந்த வாரந்தான் சார் பேட்டரியும் வந்திச்சு" என்றார் ஜீவானந்தம், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சக்கரவர்த்திக்கு முகம் சுருங்கியது. கூரைமேல் சூரியத் தகடுகளையும், மூலையறையில் பேட்டரிகளையும் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். அதற்காக வேலூருக்கு எத்தனை நடை நடந்தார் என்பது மலைக்கே தெரியும். இப்போது மின்சாரம் போனாலும் கிடங்குக்குள் ஒரு விளக்குகூடக் கண்சிமிட்டுவதில்லை.

"பேட்டரி இன்னா பண்ணும்? பேட்டரி சோறு போடுது. தின்னுட்டுச் சாவறது ஒங்க ப்ரோகிராமு" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனார். கதவருகே நின்று, "நாளைக்குள்ள ஓடிச்சின்னா நாளைக்கே கையெழுத்து. வேலைய நட்டாத்துல வுட்டுட்டுப் போவ நா ஒத்துக்க மாட்டேன். எவன் ஒத்துப்பான்?" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். அதுதான் நதியாவுக்குக் கடினமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சண்டையிட்டுவிட்டுப் போகலாம்.

மூன்று மணிக்குப் பச்சையம்மா தேநீர்த் தட்டோடு வந்தாள். மையத்தைப் பெருக்கித் துடைத்துத் தேநீர் போடுபவள் அவள். தட்டை நதியாவின் மேசையில் சற்று ஓசையோடே வைத்தாள்.

"பேட்டரி வந்தாலும் வந்திச்சு, என் காலு ஒடிஞ்சுபோச்சு. முன்ன கரண்டு போனா நீங்களே எய்ந்து வெளிய வருவீங்க. டம்ளர குடுத்துட்டு நா குந்திக்குவேன். இப்ப ஒவ்வொரு மேசையா நடக்கறேன். ஒங்கள இன்னா, கட்டிப்போட்டுகீதா?"

"ஆமாக்கா" என்றாள் நதியா. அரை நொடி கழித்தே, தன் காதில் விழுந்தது என்னவென்று உறைத்தது. "அக்கா, முன்ன ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போவும்?"

"நா இன்னா எண்ணிகினா இருந்தேன்? நீங்கதான் நோட்டு போட்டு எய்தி வச்சிகினுகீறீங்க. அதப் பாரு."

அப்படி ஒரு நோட்டு இருந்தது உண்மை. வேலை தாமதமாகும்போதெல்லாம் சென்னைக்காரர்கள் காரணம் கேட்டதால், மின்சாரம் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தவறாமல் எழுதிவைக்கச் சக்கரவர்த்தி ஆணையிட்டிருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு நான்கு நீள நோட்டுகள். நதியா அவற்றை எடுத்து அடுக்கினாள். சோதனை ஓடிய நாள்களை மட்டும் குறித்துக்கொண்டு, ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டாள். ஐம்பது நிமிடம். ஒரு மணி பத்து. நாற்பது நிமிடம். ஒன்றே முக்கால் மணி. நான்கு ஆண்டுகளில் மின்சாரம் அறாமல் நின்ற மிக நீண்ட பொழுது இரண்டு மணி இருபது நிமிடம்.

முந்நூற்று ஐம்பதாவது சோதனையை எட்ட இரண்டே முக்கால் மணி நேரமாகும்.

அவள் நோட்டை மூடவில்லை. விரலை அந்த வரியின்மேல் வைத்தபடியே இருந்தாள். மின்சாரம் போகும்போதெல்லாம் கணினி அணைந்தது. அணையும்போதெல்லாம் நினைவகம் துடைத்துவிட்டதுபோல் காலியானது. மின்சாரம் வந்ததும், விட்ட இடத்திலிருந்து அடுத்த சோதனையைத் தொடங்கும் நிரல் ஒன்று ஓடியது. அந்த நிரலை எழுதியவள் நதியாதான். மையத்துக்கு யார் வந்தாலும் சக்கரவர்த்தி முதலில் காட்டுவது அதைத்தான்: "கரண்டுக்குப் பயப்படாத ப்ரோகிராமு. எங்க பொண்ணு எய்தினது." அந்தப் பெருமைக்குரிய பொருள்தான் நான்கு ஆண்டுகளாக நோயை வெளியே தெரியாமல் மூடிவைத்திருந்தது.

நோய் எது என்பதும் அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, தான் முதன்முதலில் எழுதிய சோதனையைத் திறந்தாள். தரவுத்தளத்தைத் திறக்கும் வரி இருந்தது. நிரப்பும் வரிகள் இருந்தன. கேள்விகள் இருந்தன. மூடும் வரி இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அது இருந்தது. ஒவ்வொரு தரவுத்தளத்தையும் மூடுவதற்கு இரண்டு நொடி ஆனது. எழுத வேண்டிய அறுநூற்று நாற்பதுக்கும் சேர்த்தால் இருபத்தொரு நிமிடம். கரண்ட் போவதற்குள் இன்னும் நாற்பது சோதனை ஓட்டிவிடலாமே என்று, அவளே தன் கையால் அந்த வரியை எடுத்தாள். பின்னர் எழுதியவை எல்லாம் அதைப் பார்த்து எழுதியவை. திறந்ததை மூடு என்பது இத்தொழிலின் முதற்பாடம். ஓடிய சோதனைகளின் தரவுத்தளங்கள், ஒவ்வொன்றும் இருபது மெகாபைட், திறந்தவை திறந்தபடியே நினைவகத்தில் நின்று, முந்நூற்று ஐம்பதுக்குள் அதன் எட்டாயிரம் மெகாபைட்டையும் நிரப்பின. இனி அவற்றைத் துடைக்க எந்த மின்வெட்டும் வராது.

ஜீவானந்தத்தை அழைத்துக் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"தப்பு என்னுதுண்ணா."

"ஒன்னுது இன்னா? கரண்டுது. மலையில எல்லாரும் அப்டித்தான. கரண்டு கீறப்பவே மாவ அரைச்சுக்கோ, மோட்டார போட்டுக்கோன்னு ஓடறோம். நீ சோதனைய ஓட்டின."

"மூடற வரிய நாந்தான எடுத்தேன்."

"சரி, எடுத்த. போட்டுரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "சாரு கிட்ட இப்ப சொல்லாத. கையெழுத்த வாங்கிகினு அப்பறமா சொல்லு."

அவள் திரைப் பக்கம் திரும்பினாள்.

மூடும் வரியை மட்டும் போட்டு அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு சோதனையும் பத்தாயிரம் நோயாளிகளைத் தனித்தனியே ஏற்றுவது வீண் என்று கண்டு, தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஏற்றிக்கொள்ளும்படி மாற்றினாள். ஒவ்வொரு சோதனையும் தான் செய்த மாற்றங்களைத் தானே திருப்பிவிட்டுப் போக வேண்டும். வெறுமையான தரவுத்தளம் தேவைப்படும் சில சோதனைகள் மட்டும் தமக்கென ஒன்றைத் திறந்து, வேலை முடிந்ததும் மூட வேண்டும். அன்று ஆறு மணிவரையும் மறுநாள் காலை எட்டிலிருந்தும் அவள் வேறெதையும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு ஓட்டம் தொடங்கியது. சக்கரவர்த்தி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையின் ஓரத்தில் நினைவகத்தின் அளவைக் காட்டும் கோடு, இந்த வாரமெல்லாம் மலைப்பாதைபோல் ஏறிக்கொண்டே இருந்த கோடு, இன்று கிடைமட்டமாகக் கிடந்தது. நூறாவது சோதனையிலும் அறுநூறு மெகாபைட், இருநூறிலும் அதுவே. முந்நூற்று ஐம்பது. முந்நூற்று ஐம்பத்து மூன்று. முந்நூற்று அறுபது.

"தாண்டிட்ச்சு" என்றார் ஜீவானந்தம்.

ஐம்பத்து மூன்று நிமிடங்களில் அறுநூற்று நாற்பதும் முடிந்தன. முன்பு ஐந்து மணி நேரம் ஆன வேலை. சக்கரவர்த்தி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து முடிவைப் படித்தார். பச்சை அறுநூற்று இருபத்தொன்பது. சிவப்பு பதினொன்று.

"இன்னாம்மா இது? இத்தினி நாளு எல்லாம் பச்சையாதான இருந்திச்சு?"

"இருந்திச்சு சார்."

"நல்லா இருந்தத எதுக்குத் தொட்ட?"

அவள் விளக்கினாள். முன்னே ஓடிய சோதனைகள் மூடாமல் விட்டுச்சென்ற தரவுத்தளங்களைப் பின்னே வந்த சில சோதனைகள், தம்முடையவை என்று எண்ணிக்கொண்டு பயன்படுத்தி வந்திருக்கின்றன. மிச்சத்தை அகற்றியதும் அவை தனியே நிற்க முடியாமல் விழுந்தன. மின்சாரம் போய்வந்த நாள்களில் இவற்றில் ஒன்றிரண்டு சிவப்பானதுண்டு; அப்போதெல்லாம் கரண்ட்மேல் பழிபோட்டுச் சற்று முன்னிருந்து மறுபடி ஓட்டினார்கள், பச்சையானது. சக்கரவர்த்தி கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் தெரிந்தது, பதினொன்று என்ற எண் மட்டுமே.

"மூணரை வண்டிய வுட்டா அப்பறம் நாளைக்குத்தான் வண்டி" என்று சொல்லிவிட்டு அவர் போனார். மிரட்டலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

நாளை சனிக்கிழமை மையம் கிடையாது. இன்று கையெழுத்தாகாவிட்டால் திங்கட்கிழமைதான் ஆகும். திங்கட்கிழமை அவள் ஓசூரில் இருக்க வேண்டும்.

பத்துச் சோதனைகளில் பிழை மையத்தில் எழுதியவர்களுடையதே. ஒன்றேகால் மணிக்குள் பத்தையும் ஒழுங்குபடுத்திவிட்டாள். பதினொன்றாவது, நானூற்றுப் பதினேழாம் எண் சோதனை, அசையவில்லை. அவள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அதை வரிவரியாகப் படித்தாள். சோதனை செய்வது மிக எளிய காரியம்: புத்தம்புதிய, வெறுமையான தரவுத்தளத்தைத் திற, ஒரே ஒரு நோயாளியைப் பதி, அவரைத் தேடு. மென்பொருள் அப்படி யாரும் இல்லை என்றது. இரண்டாவது ஒருவரைப் பதிந்த பிறகே முதலாமவர் அதன் கண்ணுக்குத் தெரிந்தார். சோதனையில் ஒரு பிழையும் இல்லை. மென்பொருளே பிழை. நான்கு ஆண்டுகளாக, சற்று முன்னே ஓடும் நானூற்றுப் பன்னிரண்டாம் சோதனை அதே பெயரில் மூடாமல் விட்டுப்போன பழைய தரவுத்தளம் அங்கே கிடந்ததால், இடையில் கரண்ட் போன ஒன்றிரண்டு நாள்கள் தவிர, வெறுமையான ஒன்றை இந்தச் சோதனை பார்த்ததே இல்லை.

இது தெரிந்தபோது அவளுக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. கிடங்கு இன்னும் சற்றுச் சிறிதானது. மென்பொருளைத் திருத்த வேண்டியவர்கள் சென்னையில் இருந்தார்கள். அவர்கள் திருத்த நாளாகும். அதுவரை இது சிவப்பு. சிவப்பு இருக்கும்வரை கடிதம் இல்லை.

ஒரே ஒரு வரி போதும். நானூற்றுப் பன்னிரண்டாம் சோதனையின் தரவுத்தளத்தை மட்டும் மூடாமல் விடச்சொல்லும் வரி. நினைவகத்தில் ஏழாயிரம் மெகாபைட்டுக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. அதில் இருபது போனால் யாருக்குத் தெரியும்? அவள் அந்த வரியை எழுதினாள். இரண்டு சோதனைகளையும் ஓட்டினாள். நானூற்றுப் பதினேழு பச்சையானது. மூன்றரை வண்டி, ஆலங்காயம், வாணியம்பாடி, இரவு ஓசூரில் தோழி நதீராவின் அறை என எல்லாம் அந்தப் பச்சைக்குப் பின்னால் வரிசையாக நின்றன.

"சாப்டல?" என்றபடி பச்சையம்மா மேசையைத் துடைக்க வந்தாள். திரையைப் பார்த்தாள். "இன்னாம்மா, என் பேரு போட்டுகீது?"

நதியாவுக்கு அது மறந்தேபோயிருந்தது. முதல் சோதனை எழுதிய நாளில், கற்பனை நோயாளிக்குப் பெயர் தேடியபோது, எதிரே தேநீர் கொண்டுவந்தவளின் பெயரையே போட்டிருந்தாள். பச்சையம்மா, வயது நாற்பத்தைந்து, ஒவ்வாத மருந்து பென்சிலின். எல்லாச் சோதனைகளிலும் முதல் நோயாளி அவள்தான்.

"சும்மா பேருக்குப் போட்டதுக்கா."

"நாப்பத்தஞ்சா? அப்பயே நாப்பத்தஞ்சுன்னா இப்ப நா கெயவியாயிருப்பேன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரா இது?"

"ஆமா. ஒங்கள கண்டுபிடிக்குதான்னு பாக்கறது."

"கண்டுபிடிக்குதா?"

நதியா விசைப்பலகையின்மேல் கைகளை வைத்தபடி இருந்தாள். "இல்லக்கா" என்றாள் கடைசியில்.

"அப்ப அத்த எய்து. ஏன் பேயறஞ்சமாரி குந்திகினுகீற?" துணியை உதறிக்கொண்டு பச்சையம்மா அடுத்த மேசைக்குப் போனாள். அவளுக்கு அதில் வேறு பொருள் ஒன்றும் இல்லை.

நதியா தான் எழுதிய வரியை அழித்தாள். ஒன்று முப்பத்தைந்துக்குக் கடைசி ஓட்டத்தைத் தொடங்கினாள். ஓடும்போதே, திருத்திய சோதனைகளைச் சென்னைக்கு அனுப்பினாள், அறிக்கையையும் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், மூடும் வரியை எடுத்தவள் தானே என்றும், எடுத்த ஆண்டு இன்னது என்றும் எழுதினாள். இரண்டு இருபத்தெட்டுக்கு முடிவு வந்தது. பச்சை அறுநூற்று முப்பத்தொன்பது. சிவப்பு ஒன்று.

அறிக்கையைச் சக்கரவர்த்தி நின்றபடியே படித்தார். காரணம் என்ற பகுதிக்கு வந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இத்த எழுதணுமா?"

"எழுதணும் சார். இல்லாட்டி எனக்கு அப்பறம் வர்றவங்களும் இதே மாரிதான் எழுதுவாங்க."

"செவப்பு ஒண்ணு கீதே."

"அது நம்மளுது இல்ல சார். அவங்க சாப்ட்வேர்ல தப்பு."

"எதுவா இருந்தா இன்னா? நா சொன்னது எல்லாம் பச்சைன்னு." சொல்லிவிட்டு, தம் பேச்சு தமக்கே முழுதாகப் பிடிக்காதவர்போல், தொலைபேசியை எடுத்துச் சென்னைக்கு அழைத்து, எல்லார் காதிலும் விழும்படி மேசைமேல் வைத்தார்.

மறுமுனையில் பேசியவர் பிரியதர்ஷினி, அந்த மென்பொருளின் பொறுப்பாளர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எட்டாயிரம் மெகாபைட் எங்கே, அறுநூறு எங்கே என்று வியந்தார். நானூற்றுப் பதினேழைப் பற்றிச் சொன்னதை மறுபடியும் சொல்லச் சொன்னார்.

"ஃபர்ஸ்ட் பேஷன்ட் காணாமப் போறாங்களா? நல்லவேளை இப்பவே தெரிஞ்சுது. நதியா, நாங்க இதைச் சரி பண்ண ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க இருந்துதான் ஆகணும். நாங்க ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் நீங்க ஓட்டிப் பார்த்துச் சொல்லணும். அந்த வரிசை, எங்கே நிறுத்தி எங்கே தொடங்கணும்கிறதெல்லாம் உங்களுக்கு மட்டும்தானே தெரியும்."

"நானும் அத்தான் மேடம் சொல்றேன்" என்றார் சக்கரவர்த்தி.

நதியா சுவரை அண்ணாந்து பார்த்தாள். ஓடாதபோது, ஓடவில்லை என்று அவளை நிறுத்திவைத்தார்கள். ஓடிய பிறகு, ஓட்டத் தெரிந்தவள் என்று நிறுத்துகிறார்கள். நன்றாகச் செய்யச்செய்ய இந்தக் கதவு இன்னும் இறுக்கமாகத்தான் சாத்திக்கொள்ளும் என்பது அவளுக்கு அந்த நொடியில் ஐயமறத் தெரிந்தது. சுவர்க்கடிகாரத்தில் இரண்டு ஐம்பது.

அவள் எழுந்தாள்.

"ஜீவானந்தம் அண்ணா, இங்க வந்து ஒக்காருங்க."

"நானா?"

"நீங்கதான்." அவள் விலகிப்போய்ச் சுவரோரம் நின்று கைகளைக் கட்டிக்கொண்டாள். "நானூத்திப் பதினேழு. அத்த மட்டும் ஓட்டுங்க."

"அத்த மட்டும் எப்டி ஓட்டறது? மொதல்லயிருந்துதான வரணும்?"

"அது முந்தி. அப்ப ஒண்ணு வுட்டுட்டுப் போனதுமேல இன்னொண்ணு சாஞ்சிகினு நின்னிச்சு. இப்ப ஒவ்வொண்ணும் தனியா நிக்கும். நம்பர போட்டு ஓட்டுங்கண்ணா."

ஜீவானந்தம் நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். ஒற்றை விரலால் நான்கு, ஒன்று, ஏழு என்று அழுத்தினார். நான்கு நொடியில் திரையில் சிவப்பு வந்தது. பச்சையம்மா: இல்லை.

"வந்திச்சு" என்றார், தாமே நம்பாதவர்போல. மறுபடியும் அழுத்தினார். நான்கு நொடி. சிவப்பு. மூன்றாம் முறை இரண்டு விரல்களால் அழுத்தினார்.

"மேடம்" என்றாள் நதியா சுவரோரத்திலிருந்து. "சோதனைங்கள ஒங்களுக்கும் அனுப்பிட்டேங்க. ஒங்க கிட்ட கீற எந்த மிசின்ல வேணா போட்டுப் பாருங்க. சின்ன மிசினே போதும்."

மறுமுனையில் விசைகள் தட்டுப்படும் ஓசை கேட்டது. யாரையோ கூப்பிட்டு ஏதோ கேட்டார்கள். பிறகு அங்கே சோதனை ஓடியது. நதியா எண்ணவில்லை, ஆயினும் நான்கு நொடியைவிட அது நீளமாக இருந்தது.

"ஆமா, வருது" என்றார் பிரியதர்ஷினி. "என் லேப்டாப்லயே வருதே." அவர் குரலில் வேலை முடிந்தவர்களுக்குரிய இலகு வந்துவிட்டது. "அப்போ பிரச்சினை இல்லை சார். நாங்க இங்கேயே பார்த்துக்கறோம். நதியா தேவையில்லை."

தொலைபேசி அணைந்தது. தட்டச்சு செய்பவர்கள் ஆறு பேரும் வேலையை நிறுத்தியிருந்தனர். நான்கு ஆண்டு உழைப்பைப் பற்றிச் சொல்லப்பட்ட கடைசிச் சொல் அதுவாக இருந்தது. அது வலிக்க வேண்டும் என்று நதியா எதிர்பார்த்தாள். வலி வருவதற்கு முன்பே, அந்தச் சொல்லைச் சக்கரவர்த்தி மறந்துவிடக் கூடாதே என்ற அச்சம் வந்துவிட்டது.

"சார்" என்றாள்.

சக்கரவர்த்தி மேசை இழுப்பறையைத் திறந்தார். மேலே கிடந்த தாள்களை ஒதுக்கி, அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். கடிதம் இரண்டு மாதங்களுக்கு முன்பே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவள் பெயர், பணி, நன்னடத்தை எல்லாம் இருந்தன. தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது.

நதியா அந்த உறையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற? நீ எழுதிக் குடுத்த அன்னிக்கே அடிச்சு வச்சிட்டேன். குடுக்க மனசு வரல." அவர் பேனாவின் மூடியைத் திறக்கச் சிரமப்பட்டார். "சென்னைல இருந்து யாரு வந்து எது கேட்டாலும், நீ கீற, சொல்லிருவன்னு ஒரு தைரியம். அந்த தைரியத்துலயே இருந்துட்டேன். இவரு எட்டு மாசந்தான ஆவுது."

"இப்ப இவருக்கும் தெரியும் சார்."

"பாத்தேன், பாத்தேன்."

கையெழுத்திட்டார். தேதி எழுதினார். முத்திரையை மைப்பெட்டியில் இரண்டு முறை அழுத்தியும் மை காய்ந்திருந்ததால் பாதி வட்டம்தான் விழுந்தது. நீர் தொட்டு மறுபடியும் அழுத்தினார். மணி மூன்று பத்து.

"ஓசூர்ல கரண்டு போவாதாம்மே" என்றார் கடிதத்தை நீட்டியபடி. "பாத்து எழுது."

"எழுதறேன் சார்."

அவள் கடிதத்தைப் பிரித்து, தேதியையும் கையெழுத்தையும் முத்திரையையும் ஒருமுறை சரிபார்த்தாள். பின்னர் பையில் வைத்து, பையின் வாயை இழுத்து மூடினாள். பச்சையம்மா கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டே "வூட்ல சொல்லிகினியா?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டதாக நதியா தலையசைத்தாள்.

"வரேண்ணா" என்றாள், தன் நாற்காலியில் இருந்த ஜீவானந்தத்திடம்.

அவர் நானூற்றுப் பதினேழை விட்டு நானூற்றுப் பதினெட்டுக்கு வந்திருந்தார். பச்சை. நானூற்றுப் பத்தொன்பது. பச்சை. ஒவ்வொன்றையும் தனியே எடுத்து ஓட்டிப்பார்ப்பதில் இருந்த சுகம் அவர் முதுகிலேயே தெரிந்தது.

"ம், போய்ட்டு வா" என்றார் திரும்பாமல்.

வாசலை நோக்கி எடுத்துவைத்த முதல் அடியில், அவர் திரும்பிப் பார்க்காதது அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டாம் அடியில் வெயில் காலில் பட்டது.